24,000 ரூபாய் வின்ச் பம்பர்: கையை விட்டுப் போறது நிஜமா எவ்வளவு?



போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு என் தம்பி ஒரு லிங்க் அனுப்பினான். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "அண்ணா, வின்ச் பம்பர், செகண்ட் ஹேண்ட். 24,000 தான் சொல்றாங்க. புதுசு 55,000. இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்களாம். அட்வான்ஸ் 5,000 போட்டுடட்டுமா?"

அவன் கோயம்புத்தூர்ல ஐ.டி. வேலையில இருக்கான். கையில வர்ற சம்பளம் 58,000. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு 2021 மாடல் தார் செகண்ட் ஹேண்ட்ல எடுத்தான். அதுக்கு மாசம் 17,000 இ.எம்.ஐ. ஓடிக்கிட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா நண்பர்களோட மண் ரோடு, ஆத்து மணல்னு கிளம்பிடுவான். போன வருஷம் ரெண்டு தடவை வண்டி சேத்துல மாட்டி, டிராக்டர் வச்சு இழுத்திருக்காங்க. அதுல இருந்து வின்ச் ஆசை.

"அட்வான்ஸ் எதுவும் போடாதடா. காலையில நேர்ல போய்ப் பார்ப்போம்"னு சொன்னேன்.

தார், ஜிம்னி வச்சிருக்கிற நிறைய பேர் இதே கேள்வியை என்கிட்ட கேட்டிருக்கீங்க. அதனால அன்னைக்கு நாங்க போட்ட கணக்கை அப்படியே இங்க எழுதுறேன். வீடியோவுல வேகமா சொல்லிட்டுப் போன விஷயங்களையும் சேர்த்திருக்கேன்.

முதல்ல, வின்ச் பம்பர்னா என்ன?

வின்ச்ங்கறது மோட்டார்ல சுத்துற ஒரு டிரம். அதுல கம்பி வடமோ சிந்தடிக் கயிறோ சுத்தியிருக்கும். வண்டி மாட்டிக்கிட்டா, கயிறை வெளிய இழுத்து ஒரு மரத்துலயோ இன்னொரு வண்டியிலயோ கட்டி, பட்டனை அழுத்தினா வண்டி தன்னைத்தானே இழுத்துக்கிட்டு வெளிய வரும்.

கம்பெனியில இருந்து வர்ற பம்பர் அந்த இழுவையைத் தாங்காது. அதனால அதைக் கழட்டிட்டு, கனமான இரும்புத் தகட்டுல செஞ்ச பம்பரை நேரா சேஸியில போல்ட் பண்ணுவாங்க. அதுக்குள்ள வின்ச் உட்காரும். இதுதான் வின்ச் பம்பர். வெளிச்சந்தையில கிடைக்கிறதுல பெரும்பாலானது வண்டி கம்பெனி செஞ்சது கிடையாது. உள்ளூர் ஃபேப்ரிகேஷன் கடைகள்லயும் சில ஆக்சசரி நிறுவனங்கள்லயும் செய்யறது.

இங்க முதல் குழப்பம். 24,000ங்கறது பம்பருக்கு மட்டும்தான். வின்ச் தனி. என் தம்பிக்கே இது ஞாயித்துக்கிழமை காலையிலதான் தெரிஞ்சுது.

24,000 எப்படி 99,000 ஆச்சு

போற வழியில கார்ல உட்கார்ந்தே ஒரு பேப்பர்ல எழுதினோம். இது எங்க வண்டிக்கு நாங்க விசாரிச்ச விலை. உங்க ஊர்ல கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனா வரிசை இதேதான்.

- பழைய பம்பர்: 24,000
- எடுத்துட்டு வர வண்டி வாடகை: 2,500
- பழைய வின்ச்: 30,000
- புது சிந்தடிக் கயிறு: 7,000
- அந்தக் கயிறுக்கு ஏத்த அலுமினிய வாய் (ரோலரை மாத்தணும்): 2,500
- பிராக்கெட் வேலை, வெல்டிங், பவுடர் கோட்டிங்: 6,000
- தடிமனான கேபிள், ஐசொலேட்டர் சுவிட்ச்: 4,000
- பெரிய பேட்டரி: 8,000
- மாட்டுற கூலி: 3,000
- முன்பக்க ஸ்பிரிங் மாத்த: 12,000

மொத்தம் 99,000 ரூபாய்.

"ஸ்பிரிங் எதுக்குண்ணா?"ன்னு கேட்டான். இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தா 80 கிலோவுக்கு மேல சுலபமா போயிடும். ஒரு ஆளை எப்பவும் பானெட்டுக்கு முன்னாடி உட்கார வச்சுக்கிட்டு ஓட்டுற மாதிரி. முன்பக்கம் இறங்கும், பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்தும். அடுத்து பேட்டரி. முழு லோடுல ஒரு வின்ச் 400 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். பழைய பேட்டரியை நம்பிக் காட்டுக்குள்ள போக முடியாது.

சரி, 99,000 செலவு பண்றோம். 3 வருஷம் கழிச்சு ரெண்டையும் வித்தா ஒரு 30,000 திரும்ப வரும்னு வைங்க. நிகரச் செலவு 69,000. இதே 99,000 ஒரு 7% எஃப்.டி.யில 3 வருஷம் இருந்தா ஏறக்குறைய 22,000 வட்டி வந்திருக்கும். அதையும் சேர்த்தா 91,000.

போன வருஷம் அவன் மாட்டினது 2 தடவை. அதே கணக்குல 3 வருஷத்துக்கு 6 தடவை. ஒரு தடவைக்கு 15,000 ரூபாய்க்கு மேல ஆகுது. போன தடவை டிராக்டர்காரருக்கு அவன் கொடுத்தது 1,500.

டிராக்டரே வராத இடத்துக்குப் போறவங்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது, ஒத்துக்கறேன். ஆனா நீங்க உண்மையில அங்க போறீங்களா, இல்ல போவோம்னு நினைக்கிறீங்களா? இதுக்கு நேர்மையா பதில் சொன்னாலே பாதிப் பேருக்கு முடிவு கிடைச்சிடும்.

நேர்ல என்ன பார்த்தோம்

விக்கிறவர் தன்மையாத்தான் பேசினார். "புதுசு மாதிரிங்க சார், ஒரு கீறல் இல்லீங்க." உண்மைதான், ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் எனக்கு உறுத்துச்சு. காட்டுக்குள்ள ஓடின பம்பர்ல கீறல் இல்லாம எப்படி இருக்கும்? போன வாரம் அடிச்ச பெயின்ட் அது.

செகண்ட் ஹேண்ட் பம்பர் பார்க்கப் போறவங்க இதையெல்லாம் கட்டாயம் பாருங்க.

எந்த வண்டியோடது: 2020 அக்டோபருக்கு முன்னாடி வந்த பழைய தாரோட பம்பர் புது தாருக்கு நேரா உட்காராது. ரோக்ஸ், ஜிம்னி, ஜிப்ஸி எல்லாமே வேற வேற. "கொஞ்சம் வெட்டி ஒட்டினா போதும்"னு சொன்னா, அந்த வெட்டி ஒட்டுற செலவு உங்களோடது, அதனால குறையற பலமும் உங்களோடது.

வெல்டிங்: வெல்ட் ஓரத்துல மெல்லிசா முடி மாதிரி விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஒரு இடத்துல மட்டும் வெல்ட் தடிமனா, வேற மாதிரி இருந்தா அங்க உடைஞ்சு மறுபடி ஒட்டியிருக்காங்க.

போல்ட் ஓட்டைகள்: வட்டமா இருக்கணும். முட்டை வடிவத்துல நீண்டிருந்தா, அந்த பம்பர் பலமான ஒரு இழுவையோ இடியோ வாங்கியிருக்கு.

பிராக்கெட்: ஒரு நூலை எடுத்து இடது மேல் ஓட்டையில இருந்து வலது கீழ் ஓட்டைக்கும், வலது மேல் ஓட்டையில இருந்து இடது கீழ் ஓட்டைக்கும் அளங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். நாங்க பார்த்ததுல ஒரு விரல் அளவு வித்தியாசம் இருந்துச்சு. கேட்டதும் விக்கிறவர், "அது பழைய ஓனர் வச்சிருந்தப்போ லேசா தட்டியிருக்கும்ங்க"ன்னார். ஆக, இவரே ரெண்டாவது கை.

வின்ச் உட்கார்ற தகடு: பம்பரோட வெளித்தோல் மெல்லிசா இருந்தாக்கூடப் பரவாயில்லை. இந்தத் தகடுதான் முழு இழுவையையும் தாங்குது. 5, 6 மில்லிமீட்டராவது இருக்கணும். ஒரு வெர்னியர் எடுத்துட்டுப் போங்க. சாதாரணமா கிடைக்கிற 8,000 முதல் 12,000 பவுண்ட் வின்ச்சுகளோட நாலு போல்ட் இடைவெளி 10 அங்குலத்துக்கு 4.5 அங்குலம். அது இருக்கான்னும் பாருங்க.

வின்ச்சும் சேர்த்து வாங்கினா: கயிறை முழுசா வெளிய விட்டு, மறுபடி லேசான லோடோட சுத்திப் பாருங்க. பட்டனை விட்டதும் டிரம் அப்படியே நிக்கணும், நழுவக் கூடாது. வின்ச்சோட திறன் உங்க வண்டியோட மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இருக்கணும். சாமான், ஆளோட 2,200 கிலோ வண்டின்னா 3,300 கிலோ. 9,500 பவுண்ட் வின்ச்னா 4,300 கிலோ, தாராளம். இந்தத் திறன் டிரம்மோட முதல் சுத்துல மட்டும்தான். மேல மேல கயிறு ஏற ஏற இழுவை குறையும். இருந்தாலும் 12,000 பவுண்ட்னு கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

பேப்பர்: அசல் பில்லைக் கேளுங்க. இல்லைன்னா ஒரு வெள்ளைத்தாள்லயாவது எந்த வண்டியில இருந்து கழட்டினது, தேதி, தொகை எல்லாம் எழுதி கையெழுத்து வாங்குங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினா அது குற்றம். பணத்தை யு.பி.ஐ.யிலயே கொடுங்க, குறிப்புல என்னன்னு எழுதுங்க. பொருளைப் பார்க்கறதுக்கு முன்னாடி ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் வேண்டாம். ஏமாந்துட்டீங்கன்னா உடனே 1930க்குக் கூப்பிடுங்க.

இப்போ முக்கியமான விஷயம்: சட்டம்

இவ்வளவு நேரம் பார்த்தது விலை. இதுக்கு மேல இருக்கிறதுதான் பெரிய செலவு.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்கள்ல இருந்து மாறுற மாதிரி ஓனர் வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்துச்சு. "பம்பர் ஆர்.சி. புக்குலயே இல்லையே சார்"னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா 2017 டிசம்பர்ல மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்புச்சு. கிராஷ் கார்டு, புல் பார் மாட்டுறது பிரிவு 52க்கு எதிரானது, நடவடிக்கை எடுங்கன்னு அதுல நேரடியாவே சொல்லியிருக்கு. முன்பக்கம் குழாய் வளைவு வச்ச வின்ச் பம்பர் இதுக்குள்ளதான் வரும். வளைவு இல்லாததுன்னாலும், ரோட்டுல நிறுத்துற அதிகாரிக்கு அது கம்பெனி பம்பர் கிடையாதுன்னு பார்த்ததுமே தெரியும்.

2019 திருத்தத்துக்கு அப்புறம் வந்த பிரிவு 182ஏ(4) படி, அனுமதியில்லாம மாத்தின ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாசம் வரைக்கும் சிறை, அல்லது ரெண்டும்.

"எல்லாரும் மாட்டிக்கிட்டுத்தானே சுத்துறாங்க"ன்னு என் தம்பியும் சொன்னான். உண்மைதான். நிறைய பேரை யாரும் நிறுத்தறதில்லை. ஆனா சட்டம் உங்களைத் தேடி வர்றது ஒரு சாதாரண நாள்ல இல்லை, விபத்து நடந்த அன்னைக்கு.

இன்ஷூரன்ஸ்: ப்ரீமியம் கட்டினா சரியாயிடுமா?

கம்பெனி விலையில சேராத ஆக்சசரிகளை பாலிசியில தனியா காட்டலாம். எலக்ட்ரிக்கல் பொருள்னா வழக்கமா அதோட மதிப்புல 4% கூடுதல் ப்ரீமியம். 30,000 ரூபாய் வின்ச்சுக்கு 1,200. எலக்ட்ரிக்கல் அல்லாததை ஐ.டி.வி. கணக்குல சேர்ப்பாங்க. இது கேட்கவே நல்லா இருக்கு.

ஆனா ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். ப்ரீமியம் கட்டினதால சட்டத்துக்கு எதிரான மாற்றம் சட்டப்படி சரியாயிடாது. சொல்லாம மாட்டினா இன்னும் மோசம். முன்பக்கம் மோதி, 1,80,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் வந்திருக்குன்னு வைங்க. சர்வேயர் வந்து பார்த்ததும் ரெண்டு கேள்வி கேப்பார். இந்த பம்பரைப் பத்தி எங்ககிட்ட சொன்னீங்களா? கம்பெனி பம்பர் நசுங்கி வாங்கிக்க வேண்டிய அடி, இந்த இரும்பு வழியா சேஸிக்குப் போனதால சேதம் அதிகமாச்சா? ரெண்டுக்கும் நல்ல பதில் இல்லைன்னா க்ளைம் குறையலாம், மறுக்கவும் படலாம். 24,000 ரூபாய் பம்பருக்காக 1,80,000 ரூபாயைப் பணயம் வைக்கிறோம். நான் பேசுறது இந்தக் கணக்கைத்தான்.

வண்டி வாரண்டியில இருந்தா இன்னொரு சிக்கல். வின்ச் வயரிங் போட்டதுக்கு அப்புறம் எலக்ட்ரிக்கல் பிரச்சினைன்னு போனா, சர்வீஸ் சென்டர்ல முதல்ல காட்டுறது அந்த வயரைத்தான்.

எக்ஸெல்ல எழுத முடியாத ஒரு வரி

திரும்பி வரும்போது தம்பி அமைதியா வந்தான். பாதி வழியில, "அபராதம் வந்தா கட்டிக்கலாம்ணா. ஏர்பேக் பத்தி ஏதோ சொன்னியே, அது என்ன?"ன்னு கேட்டான்.

புது தார்ல முன்னாடி ரெண்டு ஏர்பேக் இருக்கு. மோதல் எவ்வளவு வேகத்துல, எவ்வளவு பலமா நடக்குதுன்னு சென்சார் கணிச்சு, ஏர்பேக்கைத் திறக்கணுமா, எப்போ திறக்கணும்னு சில மில்லி விநாடியில முடிவு எடுக்கும். அந்தக் கணிப்பு எல்லாமே கம்பெனி பம்பர் எப்படி நசுங்கும்ங்கறதை வச்சு சோதிச்சு அமைச்சது. நசுங்காத இரும்பை நேரா சேஸியில மாட்டினா அந்தக் கணக்கு மாறிடுது. ஏர்பேக் லேட்டா திறக்கலாம், தேவையில்லாத நேரத்துல திறக்கலாம். உள்ளூர் கடையில செஞ்ச பம்பரை யாரும் மோதிப் பார்த்து சோதிச்சிருக்க மாட்டாங்க. வெளிய நடந்து போறவங்க மேல பட்டா, பிளாஸ்டிக் பம்பர் கொடுக்கிற கொஞ்ச நெகிழ்வும் இதுல இருக்காது.

"அம்மாவை ஊருக்குக் கூட்டிட்டுப் போறது இந்த வண்டியிலதானே?"ன்னு மட்டும் கேட்டேன். அம்மாவுக்கு முட்டி வலி. பின்சீட்டுக்கு ஏறி இறங்க முடியாது. எப்பவும் முன்சீட்டுதான்.

அவன் ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு பாட்டை ஆன் பண்ணான்.

அப்போ சேத்துல மாட்டினா என்ன பண்றது?

வின்ச்சுக்குக் கட்டறதுக்கு ஒரு பிடிமானம் வேணும். அவன் அடிக்கடி போற ஆத்து மணல்ல சுத்துவட்டாரத்துல ஒரு மரம் கிடையாது. அங்க வின்ச் இருந்தாலும், கூட வந்த வண்டியிலதான் கட்டணும். கூட ஒரு வண்டி இருக்குன்னா வின்ச்சே இல்லாம வெளிய வர நிறைய வழி இருக்கு. கடைசியில நாங்க வாங்கினது இதுதான்:

- கைனடிக் ரோப்: 7,000
- சாஃப்ட் ஷேக்கிள் 2: 2,500
- ரெக்கவரி போர்டு ஒரு ஜோடி: 5,500
- டயர்ல காத்து அடிக்கிற கம்ப்ரஸர்: 3,500
- மடக்கு மண்வெட்டி: 500

மொத்தம் 19,000. எதையும் வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். ஆர்.டி.ஓ. கேள்வி இல்லை, இன்ஷூரன்ஸ் கேள்வி இல்லை. வண்டியை வித்தாலும் கிட் நம்மகிட்ட இருக்கும். மணல்ல இறங்கறதுக்கு முன்னாடி டயர் காத்தை 18, 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினாலே பாதி தடவை மாட்டவே மாட்டோம். திரும்ப ரோட்டுக்கு வந்ததும் மறக்காம ஏத்திடணும். கயிறை மாட்டும்போது இழுவைக்குன்னே உள்ள கொக்கியில மட்டும் மாட்டுங்க, இழுக்கும்போது யாரும் பக்கத்துல நிக்காதீங்க. தனி வண்டியா போகாதீங்க.

ரோட்டுல ஓட்டாம, போட்டிக்கும் சொந்த நிலத்துக்கும் மட்டும் தனியா ஒரு வண்டி வச்சிருக்கிறவங்க கதை வேற. அவங்களுக்கு செகண்ட் ஹேண்ட் பம்பர் நல்ல பேரம்தான், ஏன்னா முதல் தேய்மானத்தை முதல் ஓனரே தாங்கிட்டார். மேல சொன்ன பரிசோதனையைப் பண்ணி, தாராளமா வாங்கலாம். ஏற்கனவே மாட்டி ரோட்டுல ஓட்டிக்கிட்டிருக்கீங்கன்னா, கழட்டின கம்பெனி பம்பரைத் தூக்கிப் போட்டுடாதீங்க. இந்த வாரமே அதைத் திரும்ப மாட்டுற வேலையைப் பாருங்க.

கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.யில இதை வாங்கலாமான்னு கேட்டவங்களுக்கு: வேண்டாம். பொழுதுபோக்குக்கான பணம், மாசம் 2,000, 3,000னு தனியா சேர்த்து வச்ச பணமா இருக்கணும். அது சேர்றதுக்கு ஆகுற மாசங்கள்ல ஆசை அப்படியே இருந்தா, அது நிஜமான தேவை.

அன்னைக்கு சாயங்காலமே அந்த பம்பர் வித்துப் போச்சு. தம்பி ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான், கீழ ஒரு சோக முகம். யாரோ வாங்கிட்டாங்க. அந்த ஒரு விரல் வித்தியாசத்தை அவங்க அளந்து பார்த்தாங்களான்னு தெரியலை.

நீங்க அடுத்த தடவை இப்படி ஒரு லிங்க் பார்த்தா, அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல நாலு எண் எழுதுங்க. மாட்டி முடிக்கிற வரைக்கும் ஆகுற மொத்தச் செலவு. போன வருஷம் நிஜமா தேவைப்பட்ட தடவைகள். வித்தா திரும்ப வர்ற தொகை. க்ளைம் மறுக்கப்பட்டா உங்க கையில இருந்து போற தொகை. நாலாவது எண்ணை எழுதும்போது கை தயங்கினா, லிங்க்கை மூடிடுங்க.

அடுத்த பதிவுல பார்க்கலாம். பத்திரமா ஓட்டுங்க.